சோப்ளாங்கிகளின் எடை

எட்டு பவுண்டு மீன் பிடித்த கதையை லாய்ட் முடிப்பதற்குள் டெல்மர் க்ரூகர் காதில் செருகிய பென்சிலை உருவிவிடுகிறார். “ஆத்துல ஓடுன மீனா, தொட்டியில விட்ட மீனா?” லாய்ட் முடிதிருத்துகிறவர். கையில் கத்தி இருக்கிறது, டெல்மரின் தாடை பாதி மழித்தபடி கிடக்கிறது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியாது டெல்மருக்கு.

முப்பத்தாறு வருஷம் கெட்டில் கிரீக் ஊர்த் தானியக் கிடங்கில் எடை போட்டவர். “லாரி எடையைக் கழிக்காம சோளத்தோட எடையைச் சொல்ல முடியுமாய்யா?” என்பார். ஓய்வு பெற்றபின் மாவட்டத்துப் பள்ளிகளின் அமெரிக்க ஃபுட்பால் அணிகளை எடை போடுகிறார். எத்தனை ஆட்டம் ஜெயித்தாய் என்பதெல்லாம் அப்புறம். உன்னிடம் தோற்றவன் வேறு யாரையாவது ஜெயித்திருக்கிறானா என்பதுதான் முதல் கேள்வி. பயிற்சியாளர்களுக்கு அவர் போடும் தரவரிசைப் பட்டியல்தான் வேதம். அதில் முதல் நான்கு அணிகளுக்கு அடுத்த சுற்று சொந்த மைதானத்தில்.

இந்த மனுஷன் வீட்டையும் விட்டுவைக்கவில்லை. மனைவி ஆர்டிஸ் கண்காட்சியில் ஆறாவது முறையாக ஆப்பிள் கேக்குக்கு முதல் பரிசு வாங்கி வந்தபோது, “போட்டிக்கு வந்ததே மூணு பேரு. அதுல ஒருத்தி கடையில வாங்கிட்டு வந்தா” என்றார். அன்றிலிருந்து பதினோரு வருஷமாக அவருக்குக் கேக் கிடையாது.

இந்தப் பருவத்தில் கெட்டில் கிரீக் ஆடிய ஒன்பது ஆட்டமும் வெற்றி. டெல்மர் கொடுத்த இடமோ ஐந்து! ஐந்து என்றால் மாநிலத்தின் மறுகோடிக்கு ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய் ஆட வேண்டும். சொந்த ஊராயிற்றே என்ற ஈவிரக்கம் உண்டா? “நாம ஜெயிச்சதெல்லாம் சோப்ளாங்கிப் பசங்களை” என்றுவிட்டார்.

லாய்ட்தான் வழி கண்டுபிடித்தார். நம்மிடம் நாற்பத்தெட்டுக்குப் பூஜ்யம் என்று உதை வாங்கிய பக்கத்து ஊர் பிளம் வேலி அணி ஒரு ஆட்டமாவது ஜெயித்தால் நம் எடை கூடுமே! கடைசி வெள்ளிக்கிழமை நமக்கு ஆட்டமில்லை. கடைகளை அடைத்துவிட்டு ஊரே பரம எதிரிக்குக் கைதட்டப் போனது. ஆர்டிஸ் பதினான்கு கேக் சுட்டு வந்து பிளம் வேலிப் பையன்களுக்கு ஊட்டாத குறை. “அடிச்சு நொறுக்குங்கடா, என் கண்ணுங்களா!” மூன்று வருஷத்தில் அவர்களுக்கு முதல் வெற்றி, ஒரே ஒரு புள்ளியில். பிளம் வேலிக்காரர்கள் நம்ப முடியாமல் முழிக்க, நம் ஊர்க்காரர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

டெல்மர் மட்டும் இடைவேளைக்குப் பிறகு கத்துவதை விட்டுத் தாளில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். முதல் பாதியில் அவரும் தொண்டை கட்டும் வரை கத்தியவர்தான். பிளம் வேலியோடு ஆடிய ஸ்டோவரும் நாம் அடித்த அணி என்பது இடைவேளையில்தான் உறைத்தது. யார் ஜெயித்தாலும் நம்மிடம் தோற்றவர்கள் கணக்கில் ஒரு வெற்றி, ஒரு தோல்வி; நம் எடை அப்படியேதான். இத்தனை கூச்சலும் வீண். அட கடவுளே, இதை எந்த வாயால் சொல்வது?

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆர்டிஸ் மிச்சமிருந்த கடைசித் துண்டைத் தட்டில் வைத்து நீட்டினார். “இந்தாய்யா, சாப்பிடு. சாப்பிட்டுட்டுச் சொல்லு, இப்ப எத்தனாவது இடம்?”

டெல்மர் தட்டை வாங்கிக் கண்ணை மூடி நெடுநேரம் முகர்ந்தார். பிறகு பென்சிலை எடுத்துத் தாளில் ‘5’ என்று எழுதினார். ஒரு விள்ளல்கூடத் தொடாமல் தட்டை ஆர்டிஸின் கையிலேயே திருப்பி வைத்தார்.