மரத்தில் எழுதிய சிவப்பு எண்

மர நிழலில் மிளகு எப்படி விளைகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. இன்று காலை சிறுமலைக்குப் போனால், நான் அளந்துவந்த ஆறு மரங்களும் மிளகுக் கொடியோடு வெட்டுப்பட்டுக் கிடந்தன.

தோட்டத்தின் சொந்தக்காரர் மரம் வெட்டுகிறவரைச் சட்டையைப் பிடித்து அறைந்துகொண்டிருந்தார்.

"பட்டுப்போன ரெண்டு மரத்தத்தானலே வெட்டச் சொன்னேன்?"

மரம் வெட்டுகிறவரின் வாயெல்லாம் ரத்தம். "நம்பர் போட்ட மரத்தத்தாண்ணே எப்பவும் வெட்டுவோம்."

"எவன்லே போட்டது?" என்று சொந்தக்காரர் கீழே கிடந்த கோடரியை எடுத்து ஓங்கினார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன்.

"நல்லவேள, நீங்க வந்தீக சார்" என்று அடிவாங்கியவர் என்னைக் கும்பிட்டார்.

சொந்தக்காரரிடம் மரங்களை அளக்க அனுமதி கேட்டிருந்தேன். எண் எழுதுவேன் என்று சொல்லவில்லை. நேற்று அந்த ஆறு மரங்களிலும் எண் எழுதிய சிவப்பு பெயின்ட் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

நான் சொல்லவில்லை. நீங்களாக இருந்தால் எண் போட்டது நான்தான் என்று அங்கேயே சொல்லியிருப்பீர்களா? கோடரியையும் கணக்கில் வைத்துக்கொண்டு பதில் எழுதுங்கள்.