விருந்தாளிகள் தலைக்கு மேல் கட்டிய துணி

சோற்றைத் தின்றவர்கள் ஒரு தடவையாவது அண்ணாந்து பார்த்திருக்கலாம். வருஷங்கள் போயும் கொத்தனார் சுப்ஹிக்கு இந்த ஆத்திரம் அடங்கவில்லை.

இராக்கில், மோசூல் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குச் சமைத்துப் போட்டவர் கிதிர். ஊரார் மூத்த மகன் பேரை வைத்து அபூ லைத் என்பார்கள். துப்பாக்கிக்காரர்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்தபோது அவருடைய சாப்பாட்டுக் கூடத்தில் குண்டு செய்தார்கள். ராணுவம் அவர்களை விரட்டி, கண்ணிவெடிகளை எடுத்த கையோடு கிதிர் துடைப்பத்தோடு வந்துவிட்டார். சுவர் நின்றது. கூரையில் மட்டும் வண்டி நுழையும் அளவுக்கு ஓட்டை.

எந்தக் கட்டடத்துக்கு அரசாங்கப் பணம் என்று முடிவு செய்ய பாக்தாதிலிருந்து மூன்று பொறியாளர்கள் வருவதாகச் செய்தி வந்தது. கிதிர் அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். கூடத்தைக் கழுவி, கறி வைத்துத் தட்டிய குப்பா செய்து, ஓட்டைக்குக் கீழே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார்.

"யோவ் அபூ லைத், கூரையக் காட்டத்தானே அவங்களக் கூப்புடுற? அதையே மூடுறியே" என்றான் சுப்ஹி.

"வந்தவன் தட்டுல காரை உதிர்ந்தா என் மூஞ்சிய எங்க கொண்டு போய் வச்சிக்கிறது? சாப்பிடட்டும். அப்புறம் காட்டுறேன்."

சாப்பிட்டார்கள். "கூடம் கல்யாணப் பந்தல் மாதிரி இருக்கு ஹஜ்ஜி" என்றார் மூவரில் பெரியவர். சாப்பிடுகிறவரிடம் கை நீட்டக் கிதிருக்கு மனசு வரவில்லை. தேநீர் கொண்டுவர உள்ளே போனார். திரும்பும்போது வண்டி கிளம்பிவிட்டது.

நூலகத்துக்குப் பணம் வந்தது. வாசல் வளைவுக்கும் வந்தது. கூடம் 'சிறு பழுது' பட்டியலில் போய், அதற்கு ஒன்றும் வரவில்லை. கிதிர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்.

"துணி கட்டி மறைச்சது யாரு? நீதானே. அடுத்த பட்ஜெட்ல பாப்போம், போ" என்று சிரித்தார் ஒரு குமாஸ்தா.

அடுத்த பட்ஜெட்டும் போனது. பிள்ளைகள் வெளியே கூடாரத்தில் ரொட்டியைக் கடித்தார்கள். சுப்ஹி கூரைக்கு இரண்டு முட்டுக் கொடுத்துப் பார்த்தான். தனி ஆளால் அதற்கு மேல் என்ன முடியும்?

கிதிர் நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் பெருமழை. கூரை முழுசாக உள்ளே இறங்கிவிட்டது. நல்லவேளை, ஆள் யாரும் இல்லை. விஷயத்தைச் சொல்லத்தான் சுப்ஹி போனான். கட்டில் ஓரம் உட்கார்ந்தான்.

அவன் சொல்வதற்குள் கிதிர் பேசினார்.

"மறுபடி ஆளு வராங்களாம், சுப்ஹி. நான் எந்திரிக்கலேன்னா நீ பாத்துக்க. இந்தத் தடவ துணியக் கழட்டிடு. நல்லா பாக்கட்டும்."

"சரி."

"சோறு போடாம அனுப்பிடாத. மேஜைய மட்டும் ஓட்டைக்கு நேரா போடாம, சுவத்தோரமா தள்ளிப் போடு."