கரடியின் குதிகால்

ஆட்டின் பின்னங்காலில் பின்பக்கமாக மடங்கி நிற்கும் மூட்டை, இருபத்தாறு வயதுவரை நான் முழங்கால் என்றே நினைத்திருந்தேன். சிறுவர் மாதப் பத்திரிகை ஒன்றுக்கு மிருகங்களைச் சட்டை போட்டு வரைந்து அனுப்பிக்கொண்டிருந்தவளுக்கு இது தெரியாமல் இருந்தது வெட்கக்கேடுதான். என் கணவர் மாட்டு டாக்டர். நான் வரைந்த ஆட்டு வாத்தியாரைப் பார்த்துவிட்டு, "இந்த ஆளுக்கு யாரோ காலை அடிச்சுத் திருப்பி வெச்சிருக்காங்க" என்றார்.

அன்று சாயங்காலம் கறிக்கடையிலிருந்து ஒரு முழுப் பின்னங்காலை வாங்கி வந்து, சமையலறைப் பலகையில் போட்டுத் தோலை உரித்தார். தசைநாரைப் பிடித்து இழுத்ததும் செத்த கால் உதைப்பதுபோல மடங்கியது.

"இது முட்டி இல்ல, குதிகால். முட்டி மேல வயித்துக்கிட்ட ஒளிஞ்சிருக்குது. குளம்புதான் விரல் நகம். ஆயுசு பூரா நகத்து மேலயே நிக்கிற ஜென்மம் இது."

"எதுக்கு அப்படி நிக்கணும்?"

"ஓடறதுக்குத்தான். காலு நீளமானது தப்பிச்சுது. குதிகாலை ஊனி நின்னது வேற எதுக்கோ தீனியாச்சு. எத்தனையோ லட்சம் வருஷமா இதே கொலைதான்."

அன்றிலிருந்து என் படங்கள் மாறின. ஆட்டு வாத்தியாரின் வேட்டிக்குள் தொடை குட்டையானது, கணுக்கால் நீண்டது. பசுவுக்குக் கண் இரண்டும் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், கையில் இருக்கும் கடிதத்தை அது நேராகப் பிடித்துப் படிக்காது, தலையைத் திருப்பி ஒரு கண்ணால்தான் படிக்கும் என்று நானே கண்டுபிடித்து வரைந்தேன். துரத்தப்படுகிறவற்றுக்குக் கண் பக்கத்தில்; துரத்துகிறவற்றுக்கு முன்னால். சட்டை போட்டாலும் அது மாறாது.

அப்போது நாங்கள் ஓசூரிலிருந்து தெற்கே காட்டுப் பக்கம் போகும் சாலையில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அறுபதுகளின் கடைசி வருஷங்கள். மாட்டு ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. மாதம் ஒருமுறை ஓசூர் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, பெங்களூரில் இருந்த பத்திரிகை ஆசிரியரிடம் படங்களைக் கொடுத்துவிட்டு வருவேன். அந்த ஐப்பசியில் அவர் ஒரு புதுத் தொடர்கதையைக் கொடுத்தார். கதாநாயகன் ஒரு கரடித் தபால்காரர். "நல்லா குண்டா, சிரிச்ச முகமா போட்டுடுங்க" என்றார்.

நான் பார்த்திருந்த ஒரே கரடி, சின்ன வயதில் கிருஷ்ணகிரியில் எங்கள் மாதா கோயில் வாசலுக்கு வித்தைக்காரர் ஒருவர் கொண்டுவந்தது. மூக்கில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்திருந்தது. பல்லைப் பிடுங்கி, நகத்தை வெட்டியிருந்தார்கள். கயிற்றைச் சுண்டினால் வலி தாங்காமல் எழுந்து நிற்கும். அதைத்தான் நாங்கள் ஆட்டம் என்று பார்த்தோம். அந்த ஞாபகத்திலிருந்து உருண்டை முகமும் தொப்பையுமாக ஒரு தபால்காரரை வரைந்து வைத்தேன்.

கார்த்திகையில் ஒரு நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில், நாலு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடி வந்தார்கள். "எலுகு, எலுகு" என்று மூச்சிரைத்தார்கள். தெலுங்கில் கரடியை அப்படிச் சொல்வார்கள். கட்டிலில் கிடந்தவர் எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர். மலையடிவாரத்தில் கடலைக்காய்க் காடு வைத்திருந்தார். வேட்டியை வைத்துத்தான் அவரை அடையாளம் தெரிந்தது. முகத்தின் வலது பாதி நெற்றியிலிருந்து உரிந்து கன்னத்தில் தொங்கியது. அந்தப் பக்கத்துக் கண் இல்லை. மேலுதடு இருந்த இடத்தில் பற்கள் தெரிந்தன. ரத்தத்துக்குள் மூச்சு குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தது.

"நான் மாட்டு டாக்டர்யா. ஓசூருக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றார் என் கணவர்.

"அதுவரைக்கும் உசிரு நிக்காதுங்க சாமி," என்றார் பால்காரரின் தம்பி. "மாடுன்னு நெனச்சுத் தச்சு வுடுங்க."

என் கணவர் சட்டைக் கையை மடக்கிக்கொண்டார். ஊசியைக் கொதிநீரில் போடச் சொன்னார். தலையைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். கட்டிலின் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் அந்த மனிதரின் காதுகளை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மரப்பு ஊசி போட்டும் அவர் காலால் உதைத்தார். இரண்டு பேர் தொடைமீது ஏறி உட்கார்ந்தார்கள். தோலைக் கழுவி எடுத்து, எலும்பின் மேல் பரப்பி, மாட்டுத் தோலுக்கு வைத்திருந்த நூலால் என் கணவர் தைத்தார். ஒவ்வொரு தையலுக்கும் அந்த உடம்பு வில்லாக வளைந்தது. கன்ன எலும்பு வெள்ளையாக இல்லை, இளஞ்சிவப்பாக இருந்தது. அந்த நேரத்திலும் எனக்குள் ஒன்று அதைக் கவனித்து வைத்துக்கொண்டது. அதற்காக இன்றும் கூசுகிறது.

புளி ஏற்றிப்போன ஒரு லாரியில் அவரையும் தம்பியையும் பெங்களூருக்கு அனுப்பினோம். லாரி போன கொஞ்ச நேரத்தில் காட்டிலாகாக் காவலர் வந்தார். கரடியை ஊர்க்காரர்கள் குகையில் மடக்கியிருக்கிறார்கள், அதற்கு வெறிநோய் உண்டா என்று டாக்டர் பார்க்க வேண்டும் என்றார். வெறி இருந்தால் பால்காரருக்கு உடனே ஊசி போடச் சொல்லி ஆள் அனுப்ப வேண்டும். நானும் கிளம்பினேன்.

"நீ எதுக்கு?"

"நான் கரடி வரையறவ. கரடியைப் பார்க்கணும்."

அவர் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினார். நோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். கையில் இன்னும் ரத்தம் காய்ந்து இழுத்தது.

மலையடிவாரத்தில் யானை யானையாகப் பாறைகள். அவற்றின் இடுக்கில் சருகைக் கொளுத்திப் புகை போட்டிருந்தார்கள். முப்பது பேருக்கு மேல் இருக்கும். கடப்பாரை, பன்றி குத்தும் ஈட்டி, ஒரு நாட்டுத் துப்பாக்கி. நாங்கள் போய் நின்றபோதுதான் அது வெளியே வந்தது.

பாய்ந்து வரும் என்று நினைத்திருந்தேன். அது பாயவில்லை. புகையை விட்டு வந்து, பின்னங்கால்களில் எழுந்து நின்றது. இரண்டு பாதங்களும் குதிகால்வரை மண்ணில் படிந்திருந்தன, என் பாதம் படிவது போலவே. கைகள் பக்கவாட்டில் தொங்கின. நீண்ட மூக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி மோப்பம் பிடித்தது. கரடிக்குக் கண் மங்கல். யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் அது எழுந்து நின்றது.

துப்பாக்கி வெடித்தது. வயிற்றில் பட்டது. அது உட்கார்ந்து, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தியது. மனிதக் குரலுக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல என்னால் முடியாது. ஈட்டிகள் இறங்கின. ஒருவர் கடப்பாரையால் மண்டையில் அடித்தார். செத்த பிறகும் அடித்தார்கள். அடித்து அடித்துக் கை ஓய்ந்தவர்கள் விலக, மற்றவர்கள் வந்து அடித்தார்கள். குகைக்குள்ளிருந்து ஒரு குட்டியை யாரோ பின்னங்காலைப் பிடித்து இழுத்து வந்து பாறையில் ஓங்கி அறைந்தார்கள். ஒரே சத்தம்தான்.

"போதும் விடுங்கய்யா, நான் பார்க்கணும்" என்று என் கணவர் கத்தினார். அவர் குரல் எடுபடவில்லை. தோலை உரித்த பிறகுதான் அவரைக் கிட்டே விட்டார்கள்.

அப்போதுதான் கூட்டம் அடங்கியது. தலையிலும் விரல்நுனியிலும் தவிர முடியும் தோலும் போனபின் அங்கே மல்லாந்து கிடந்தது ஒரு ஆள். அகன்ற தோள், கட்டையான கழுத்து, மடங்கிய முழங்கை, ஐந்து விரல் வைத்த கை, குதிகாலோடு கூடிய பாதம். தலையை மட்டும் துணியால் மூடினால் பிணம் என்றே சொல்வார்கள். ஒரு கிழவர் தலைத்துண்டை அவிழ்த்து அதன் இடுப்பின் மேல் போட்டார்.

நான் உட்கார்ந்து வரைந்தேன். மேல்வாயில் நடுப்பல் இரண்டு கிடையாது. கறையானை உறிஞ்ச அந்த இடம் காலியாக வேண்டும் என்றார் என் கணவர். உதடு பை போலத் தொங்கி நீள்வதும் அதற்குத்தான். நகங்கள் என் விரல் நீளம், புற்றை உடைப்பதற்கு ஏற்ற கொக்கிகள். அதே கொக்கிதான் காலையில் ஒரு முகத்தை உரித்தது.

"என்னாம்மா எழுதறீங்க?"

தலை நிமிர்ந்தேன். பால்காரரின் மனைவி. லாரியில் இடமில்லை என்று ஊரிலேயே விட்டுப் போயிருந்தார்கள். கையில் கொடுவாள். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. கைக்குழந்தையை எங்கேயோ விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

"கையை வரையறேன்" என்றேன்.

"இந்தக் கைதானே?" என்றாள். குனிந்து, மணிக்கட்டில் வெட்டினாள். மூன்றாவது வெட்டில் அது துண்டாகி என் காலருகே விழுந்தது. அடுத்த கையை வெட்ட மறுபக்கம் போனவள், அதன் மார்பைப் பார்த்தாள். பெண்ணுக்குப் போல மார்பில் பால் கட்டிய இரண்டு மேடு. ஈட்டி கிழித்த இடத்திலிருந்து ரத்தத்தோடு பால் கசிந்துகொண்டிருந்தது. கொடுவாளைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. நெடுநேரம் கழித்து, "புள்ள பசியில கத்தும்" என்று எழுந்து போனாள்.

வெறி இல்லை என்று என் கணவர் காவலரிடம் சொன்னார். தான் பார்த்த வரைக்கும் இல்லை, எதற்கும் ஊசி போடச் சொல்லிவிடுங்கள் என்றார்.

அந்த வாரமே பழைய தபால்காரரைக் கிழித்துப் போட்டேன். புதியவர் குதிகாலை ஊன்றி, கையைத் தொங்கவிட்டு, ஒரு வீட்டு வாசலில் நின்று மோப்பம் பிடித்தார். அந்த நகத்தால் கடிதத்தை விரலில் பிடிக்க முடியாது. இரண்டு நகத்துக்கு நடுவே செருகிக் கொடுத்தேன். ஆசிரியர் வெகுநேரம் பார்த்தார்.

"பயமா இருக்கே."

"அவர் ஒண்ணும் செய்யலயே சார். சும்மாதான் நிக்கிறார்."

"அதுதான் பயமா இருக்குது" என்றார். ஆனாலும் போட்டார், இரண்டு அங்குலத்துக்குச் சுருக்கி.

சித்திரையில் பால்காரர் திரும்பி வந்தார். உயிர் தப்பியதே பெரிது என்று பெங்களூரில் சொன்னார்களாம். பிள்ளைகள் அவரைக் கண்டால் ஓடினார்கள். ஊரில் அவருக்குப் பெயரே 'கரடி' என்றாகிவிட்டது. ஒருநாள் சந்தையில் ஒரு வியாபாரி விரல்களைக் கொக்கியாக வளைத்து உறுமிக் காட்டினான். பால்காரர் தராசுப் படிக்கல்லை எடுத்து அவன் வாயில் அடித்தார். நாலு பல் போயிற்று. விழுந்தவன்மேல் ஏறி உட்கார்ந்து மீண்டும் மீண்டும் அடித்தாராம். இழுத்துப் பிடிக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அவரை என் கணவர் பேசி அழைத்து வந்து எங்கள் வீட்டில் உட்கார வைத்தார். மனைவியும் குழந்தையோடு வந்திருந்தாள். மோரைக் கொடுத்தேன். பாதி உதட்டால் குடிக்கத் தெரியாமல் மார்பில் வழியவிட்டார். மேசையில் கிடந்த கரடித் தபால்காரர் படத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"இது நெசமா நிக்குதுங்க," என்றார். "இப்பிடித்தான் நின்னுச்சு. நான்தான் பயந்து கல்லுல அடிச்சேன். அப்பறந்தான் புடிச்சுது. யாரோ கட்டிப் புடிக்கிற மாதிரி இருந்துச்சு."

அவர் படத்தைக் கீழே வைத்தார்.

"அம்மா, என் மூஞ்சிய வரைவீங்களா? முன்னாடி இருந்த மாதிரி. இந்தப் புள்ளைக்குக் காட்டணும். வூட்டுல ஒரு போட்டாகூட இல்லீங்க."

நல்ல பாதியை உற்றுப் பார்த்து வரைந்தேன். கன்ன எலும்பு எங்கே திரும்புகிறது என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. மறுபாதிக்கு அதையே கண்ணாடியில் திருப்பிப் போட்டதுபோலப் போட்டேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் மனைவி வாங்கி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள்.

"இது இவரு இல்லீங்க," என்றாள். "இவரு தம்பி மாதிரி இருக்குது."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மனித முகத்தின் இரண்டு பாதியும் ஒன்றல்ல என்பதை அத்தனை மிருகம் வரைந்தும் நான் கற்றுக்கொள்ளவில்லை. "எதுங்க தப்பா இருக்கு? சொல்லுங்க, மாத்தறேன்" என்றேன். அவள் யோசித்தாள். வலது புருவம் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும், மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், இல்லை, சாயாது என்றாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். அவளுக்கும் மறந்துகொண்டு வந்தது.

பால்காரர் சிரித்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தார். தையல் இழுத்து வாய் கோணிற்று. "தம்பி மாதிரி இருந்தாலும் பரவால்ல, குடுங்க" என்று படத்தை வாங்கிச் சுருட்டி, வேட்டி மடிப்பில் செருகினால் நசுங்கும் என்று கையிலேயே பிடித்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிய மனைவியோடு வெயிலில் நடந்து போனார்.