சமதரையில் நூறு மீட்டர்

மாற்றுத்திறனாளிகளை எண்ணப் போகிறவர் "உங்களுக்கு ஊனம் இருக்கிறதா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். பார்ப்பதில் சிரமமா, கேட்பதில் சிரமமா, நடப்பதில், படி ஏறுவதில் சிரமமா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பதில்கள் நான்கு: சிரமம் இல்லை, ஓரளவு சிரமம், அதிக சிரமம், அறவே முடியாது. கடைசி இரண்டில் ஒன்றைச் சொன்னவர் கணக்கில் சேர்வார். மற்றவர் சுகதேகி. இதைக் கணக்கெடுப்பாளர்களுக்கு வருடக்கணக்காகப் படிப்பித்தவன் நான். ஒரு மனிதனின் முழங்காலை அரசாங்கம் இதைவிட நாகரிகமாக விசாரிக்க முடியாது என்றே நம்பியிருந்தேன்.

ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு, டிக்கோயாவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அக்காவின் லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, வந்து சேர்ந்தேன். ஆறு மாதத்துக்கு மேல் தங்கியவன் அந்த வீட்டின் வழமையான வதிவாளன். அந்த விதியையும் நானே படிப்பித்திருந்ததால், எதிர்த்துப் பேச வழியில்லாமல் மறுபடியும் லயத்துக்காரன் ஆனேன்.

அக்கா ஐம்பது வருடம் கொழுந்து எடுத்தவள். இரண்டு முழங்காலும் போய்விட்டன. ரோட்டிலிருந்து லயத்துக்கு அறுபத்து மூன்று கற்படிகள். அவள் கீழ்ப் படியில் உட்கார்ந்து, கைகளைப் பின்னால் மேல் படியில் ஊன்றி, உடம்பைத் தூக்கி வைத்து, அப்படியே ஒவ்வொன்றாகப் பின்பக்கமாக ஏறுவாள். யாராவது வரும் சத்தம் கேட்டால் உடனே படியோரத்துப் புல்லைப் பிடுங்க ஆரம்பித்துவிடுவாள். அவள் புண்ணியத்தில் தோட்டத்திலேயே புல் முளைக்காத படிகள் எங்களுடையவைதான்.

அந்த வருடம் தோட்டத்துக்குத் தனி வீடுகள் வந்தன. பாதி ரோட்டோரம். மீதி லயத்துக்கும் மேலே, மலை உச்சியில். நடக்கச் சிரமப்படுகிறவர் இருக்கும் குடும்பங்களுக்கு ரோட்டோர வீடு என்று முடிவானது. நல்ல முடிவு. உச்சியில் வீடு கிடைத்தால் அக்கா அதற்குள் ஒரு தடவை போவாள், பிறகு அவளைத் தூக்கிக்கொண்டுதான் இறக்க வேண்டியிருக்கும்.

சிரமப்படுகிறவரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வைத்தியரை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. கணக்கெடுப்புப் படிவத்தின் கேள்விகள் கையில் தயாராக இருந்தன, அவற்றையே பிரதி எடுத்துவிட்டார்கள். நாட்டில் எத்தனை பேர் என்று அறிய ஆக்கிய கேள்விகளை வைத்து யாருக்கு எந்த வீடு என்று பிரிப்பது, மழைமானியை எடுத்து வந்து காய்ச்சல் பார்ப்பது போல. இதை விளக்கி இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் படிவத்துடன் ஓர் இளம் உத்தியோகத்தர் மூச்சு வாங்க ஏறி வந்தாள். ஒரு காலத்தில் என் பயிற்சி வகுப்பில் இருந்தவள். அக்கா நல்ல சேலை உடுத்தி, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, ஒங்களுக்கு நடக்கிறதுல, படி ஏறுறதுல சிரமம் இருக்கா?"

"எனக்கா? ஒரு சிரமமும் இல்ல புள்ள."

"அக்கா, யோசிச்சு சொல்லுக்கா," என்றேன்.

"சேர், எடுத்துக் குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க," என்றாள் அந்தப் பெண். பிறகு அடுத்த கேள்விக்குப் போனாள். "சமதரையில ஒரு நூறு மீட்டர் நடக்க சிரமமா இருக்குமா?"

"சமதரையா? அது எங்க புள்ள இருக்கு இங்க?"

"சும்மா நெனச்சுக்கங்கம்மா."

"நெனச்சுக்கிட்டா ஒரு மைலு கூட நடப்பேனே!"

சிரமம் இல்லை என்று பதிவானது. அந்தக் கேள்வியின் தமிழைத் தலைமை அலுவலகத்தின் ஏழாம் மாடியில், லிப்டில் ஏறிப் போய், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து சரிபார்த்தவன் நான். 'மலைநாட்டில் சமதரை ஏது?' என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அக்கா ஏன் இல்லை என்கிறாள் என்று எனக்குத் தெரியும்; நான் பிறந்த லயம் பெரட்டுக் களத்துக்கு எதிரே இருந்தது.

அந்தக் களத்தில் விடியற்காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது, இருமுகிறவளை, நொண்டுகிறவளைப் பார்த்து, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு "முடியுமா?" என்பார். முடியாது என்றவள் எல்லோரும் பார்த்திருக்க லயத்துக்குத் திரும்பி நடக்க வேண்டும். அக்கா ஒரு நாளும் அப்படித் திரும்பி நடந்ததில்லை. கையில் கடதாசியோடு ஒருவர் உடம்பைப் பற்றிக் கேட்டால் அவளிடம் இருப்பது ஒரே பதில். இதெல்லாம் தெரிந்தே வளர்ந்தவன், கணக்கெடுப்பாளர்களுக்கு நான் எழுதிய கையேட்டில் மட்டும் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

"சேர், இப்ப ஒங்களுக்கு? நடக்கிறதுல?"

நான் தினமும் டிக்கோயாவுக்கு இறங்கிப் பத்திரிகை வாங்கி ஏறி வருகிறவன். வலது முழங்கால் கொஞ்சம் சத்தம் போடும், அவ்வளவுதான்.

"அதிக சிரமம்," என்றேன்.

அவள் பேனையை நிறுத்தினாள். "சேர், நீங்க பேப்பரோட விறுவிறுன்னு ஏறிப் போறத நான் பஸ்ஸுல இருந்து பாத்திருக்கேன்."

"சொன்னத எழுதணும், கண்டத எழுதக் கூடாது. கையேட்டுல எத்தனாம் பக்கம்?"

"பதினாலு, சேர்."

எழுதினாள். சிரிப்பை அடக்கினாள் என்று நினைக்கிறேன். அதைப் பதியப் படிவத்தில் கட்டம் இல்லை.

அவள் இறங்கிப் போனதும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "என்னடா தம்பி, சொல்லவே இல்லியே! இம்புட்டு நோவ வச்சிக்கிட்டா தெனமும் பேப்பருக்கு ஓடுற? படிச்சவனுக்கு இந்த வீம்பு எதுக்கு?"

வீம்பு. அவள் வாயால் கேட்டேன்.

பட்டியல் வந்தது. எங்கள் லயத்தில் ஆறு வீடுகள். நடக்கச் சிரமப்படுகிறவர் ஒரே ஒருவர், ஓய்வு பெற்ற அரச உத்தியோகத்தர். கீழே ரோட்டோர வீடு எங்களுக்கு. மற்ற ஐந்து வீட்டிலும் முழங்கால் போன பெண்கள் இருக்கிறார்கள். எல்லோரும் சுகதேகிகள், உச்சிக்குப் போனார்கள். கையேடு எழுதிய தம்பி அவர்களுக்கு இல்லை. நான் மறுபடியும் கடிதம் எழுதினேன். அதுவும் கிடைத்துவிட்டது.

புது வீட்டு வாசலில் கதிரை போட்டு அக்கா ரோட்டில் போகிறவர்களிடம் சொல்கிறாள்: "தம்பிக்கு கால் முடியல. அவனுக்காகத்தான் கீழ வந்தோம். இல்லாட்டி எனக்கு மேல இருந்தா என்ன?" காலையில் நான் செருப்பைப் போட்டால், "எங்கடா போற, அதிக சிரமக்காரன்!" என்று கதவை மறிக்கிறாள்.

பத்திரிகைக்கு இப்போது அவளே போகிறாள். ரோட்டோரத்தில் புதிதாக வந்த கடை ஒரு நூறு மீட்டர் இருக்கும். சமதரை. ஜன்னலில் நின்று பார்க்கிறேன். பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வருகிறாள். பாதி வழியில் நிற்கிறாள். ரோட்டில் இரண்டு பேர் வருவது தெரிந்ததும், மதகின் குட்டைச் சுவரில் உட்கார்ந்து, குனிந்து புல்லைப் பிடுங்குகிறாள்.