ஆபீஸ் சார் மீது நான் கொடுத்த புகார்

ஒன்பதாம் வகுப்பு படித்தபோது ஒரு மனிதரை நான் சந்தேகப்பட்ட அளவுக்கு அதன் பிறகு யாரையும் சந்தேகப்பட்டதில்லை. அவர் எங்கள் உயர்நிலைப் பள்ளியின் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தார். பிள்ளைகள் எல்லோரும் அவரை ஆபீஸ் சார் என்றுதான் சொல்வோம். சிரிக்காத முகம். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, அதற்கு மேலாக ஆளைப் பார்ப்பார்.

எங்கள் ஊர் கல்வராயன் மலையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டிய தூரத்தில் இருந்தது. பள்ளிக்கூடம் மலையடிவாரத்தில். அதனால் ஆறாம் வகுப்பிலிருந்தே நான் பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த அரசு விடுதியில் தங்கிப் படித்தேன். மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போவேன். மற்ற நாட்களில் எனக்கு வீடு என்பதே அந்தப் பள்ளியின் விதிகள்தான் என்று சொல்லலாம். வாசலில் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் அவற்றை எழுதி வைத்திருந்தார்கள். இரட்டைச் சடை, கறுப்பு ரிப்பன். வளையல் கூடாது. விடுப்பு எடுத்தால் பெற்றோர் கையெழுத்துடன் கடிதம். பெற்றோர் வகுப்பறைக்கு நேரே வரக் கூடாது, அலுவலகத்தில் சொல்லி அனுப்ப வேண்டும். எனக்கு அத்தனையும் மனப்பாடம். நான் வகுப்புத் தலைவி வேறு. தாமதமாக வருகிறவர்களின் பெயரை எழுதும் நோட்டு என்னிடம்தான் இருந்தது. விதிப்படி நடந்தால் எதுவும் விதிப்படியே நடக்கும் என்று நம்பியிருந்தேன்.

பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த வாரம் அப்பா பள்ளிக்கு வந்தார். என்னை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். கையில் ரேஷன் கார்டு நகலும், கள்ளக்குறிச்சியில் யாருக்கோ கொடுப்பதற்கான தேன் பாட்டிலுமாக அவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். எனக்கு டிசி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். டிசி என்றால் ஒரு பள்ளியை விட்டு இன்னொரு பள்ளிக்குப் போக வாங்கும் மாற்றுச் சான்றிதழ்.

“வேற பள்ளிக்கூடத்துல சேக்கப் போறியாப்பா?” என்று கேட்டேன்.

அப்பா “ம்” என்றார்.

“கள்ளக்குறிச்சியிலயா?”

அதற்கும் “ம்” என்றார். மீதியை எல்லாம் நானே கட்டிக்கொண்டேன். மாடி வைத்த பள்ளிக்கூடம், கம்ப்யூட்டர் அறை, தண்ணீர் நிற்காத குழாய் உள்ள விடுதி. ஒரு வார்த்தை கூட அப்பா சொல்லவில்லை. சொல்லாததையும் அவர் மறுக்கவில்லை.

அன்றைக்கு ஆபீஸ் சார் நல்லவராகத்தான் இருந்தார். தேவையான காகிதங்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, “புதன்கிழமை வாங்க, குடுத்துடலாம்” என்றார். அப்பா எனக்கு பஸ் நிறுத்தத்தில் போண்டா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் விடுதிக்குத் திரும்பி, பெட்டியில் எதை முதலில் அடுக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை வந்த அப்பாவிடம் ஆபீஸ் சார் வேறு ஆளாகப் பேசினார். சீட்டில் எழுதாத ஒன்றைக் கேட்டார். நூலகம், ஆய்வகம், விளையாட்டு மூன்றிலும் நான் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை என்று கையெழுத்து வேண்டுமாம். நான் மூன்று ஆசிரியர்களையும் தேடி ஓடி வாங்கி வந்தேன். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “கையெழுத்து கீது, தேதி எங்க?” என்றார். தேதி போட்டு வாங்கி வருவதற்குள் அறையைப் பூட்டிக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போய்விட்டார்.

மூன்றாம் முறை வந்தபோது, என் பெயரில் ஆதார் அட்டையில் ஓர் எழுத்து கூடுதலாக இருப்பதைக் கண்டுபிடித்தார்.

“நாலு வருசமா இப்பிடித்தான கீது சார்,” என்றார் அப்பா.

“நாலு வருசமா டிசி கேக்கலியே நீங்க. எழுத்த திருத்திக்கினு வாங்க. கம்ப்யூட்டர்ல ஏத்துனா ஏறாது.”

அப்பா இ-சேவை மையத்துக்கு அலைந்து அதைத் திருத்தி வர மூன்று வாரம் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் வேலை போகும். சாமை அறுத்த காட்டில் மரவள்ளிக்கு நிலத்தைத் தயார் செய்துகொண்டிருந்த நேரம் அது. திருத்திக் கொண்டுவந்த அன்று சர்வர் வேலை செய்யவில்லை என்றார் ஆபீஸ் சார். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டக்கூட இல்லை.

நான் சந்தேகப்படத் தொடங்கியது அப்போதுதான். முதல் நாள் அவ்வளவு மரியாதையாகப் பேசியவர் ஏன் மாறினார்? நன்றாக யோசித்ததில் தேன் பாட்டில் நினைவுக்கு வந்தது. அதை அவர் பார்த்திருக்கிறார். அப்பா கொடுக்காமல் கொண்டுபோய்விட்டார். இதைவிடத் தெளிவான காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன். அவரும் அதை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த முறை ஒரு பாட்டில் தேனை மஞ்சப்பையில் சுற்றி எடுத்து வந்து மேசை ஓரத்தில் வைத்தார்.

“இதெல்லாம் வேணாம். எடுத்துக்கினு போங்க,” என்றார் ஆபீஸ் சார். அப்படியே தள்ளியும் வைத்தார். பிறகு காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, “அம்மா கையெழுத்து எங்க?” என்றார்.

“அவளுக்கு எழுதத் தெரியாது சார். நாந்தான் கீறனே.”

“கைநாட்டு போதும். ரெண்டு பேரும் சம்மதிக்கணும்.”

இப்படி ஒரு விதியைப் பச்சைப் பலகையில் நான் பார்த்ததே இல்லை. அதனால் எனக்கு இன்னொன்றும் தோன்றியது. மலையிலிருந்து வருகிறவர்கள் என்பதால்தான் இந்த மனிதர் எங்களை இப்படி ஆட்டி வைக்கிறார். தேனைக்கூட அதனால்தான் தொடவில்லை. என் வகுப்பில் மலைக்குக் கீழே உள்ள ஊர்ப் பிள்ளை ஒருத்தி அதே மாதம் தியாகதுருகம் பக்கம் மாறிப் போனாள். அவளுக்கு இரண்டே நாளில் டிசி கிடைத்தது. நான் அதைத் தாமத நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தேன்.

அடுத்த வாரம் அப்பா கைநாட்டு இல்லாத படிவத்தோடு வந்தார். அலுவலகத்துக்குப் போகாமல் சைக்கிள் நிறுத்துமிடத்துப் புங்க மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் கறுத்துப் போயிருந்தது.

“உங்கம்மா வைக்க மாட்டேங்கிறா.”

“ஏம்ப்பா?”

“கேட்டா இஸ்கூல்ல வந்து வைக்கறேன்றா. கூப்புட்டா காச்சல்ன்றா.”

அம்மா மீதும் எனக்குச் சந்தேகம் வந்தது. நான் பெரிய பள்ளியில் படிப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. மாதம் ஒருமுறை வரும் பிள்ளை வருஷத்துக்கு ஒருமுறை ஆகிவிடும் என்று பயப்படுகிறாள். அவளுடைய பயத்துக்காக நான் இந்த ஜன்னலிலேயே நிற்க வேண்டுமா? நூலக அறைக்குப் போய் முத்திரை வைக்கும் மைப்பெட்டியை எடுத்து வந்தேன். படிவத்தைத் தொடைமேல் விரித்து, அம்மாவுக்கு விட்டிருந்த கட்டத்தில் என் இடது பெருவிரலை அழுத்தினேன். அப்பா தடுக்கவில்லை. செய் என்றும் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாய்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீஸ் சார் அந்தக் கைநாட்டை வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“கைய காட்டு.”

நான் கையைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். திட்டுவார், தலைமையாசிரியையிடம் இழுத்துக்கொண்டு போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“போய் சோப்பு போட்டு கழுவிக்கினு கிளாசுக்குப் போம்மா,” என்றார். அப்பாவிடம், “அவங்கள கூட்டிக்கினு வாங்க. எங்கண்ணு முன்னாடி வைக்கணும். அதான் ரூல்ஸு” என்று படிவத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

மை இரண்டு நாள் போகவில்லை. அந்த இரண்டு நாளும் கோபமும் போகவில்லை. தலைமையாசிரியை அறைக்கு வெளியே புகார்ப் பெட்டி ஒன்று மாட்டியிருந்தது. மாணவர்கள் தங்கள் குறைகளை எழுதிப் போடலாம், பெயர் எழுதினால் கட்டாயம் விசாரிக்கப்படும் என்று அதன் மேல் எழுதியிருந்தது. நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அப்பாவை ஐந்து முறை அலைக்கழித்தது, தேன் பாட்டிலைப் பார்த்தது, தேதி கேட்டது, சர்வர் கெட்டது, மலையில் இருப்பவர்களை மதிக்காதது. கைநாட்டு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். கீழே பெயர், வகுப்பு, பிரிவு, விடுதி அறை எண் எல்லாம் எழுதினேன்.

திங்கட்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் தலைமையாசிரியை என்னை அழைத்தார். என் கடிதம் அவர் மேசையில் இருந்தது. ஆபீஸ் சார் அலமாரிப் பக்கம் நின்றிருந்தார்.

“நீ எழுதுனதுதானா இது?”

“ஆமாங்க டீச்சர்.”

“டிசி வாங்கிக்கினு எந்த ஸ்கூலுக்குப் போற?”

எனக்குப் பெயர் தெரியவில்லை. “அப்பாவுக்குத் தெரியும்” என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

“பெரிய புகாரா எழுதியிருக்க. நல்லா விசாரிக்கணும். விசாரணை முடியற வரைக்கும் உன் சம்பந்தமான ஒரு பேப்பர்கூட இந்த ஆபீஸ வுட்டு வெளிய போவக் கூடாது. அது முறை. சரியா?”

சரி என்று பெருமையாகத் தலையாட்டினேன். ஆபீஸ் சார் குனிந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். வகுப்புக்குப் பாதி வழி வந்த பிறகுதான், வெளியே போகக் கூடாத பேப்பரில் என் டிசியும் ஒன்று என்பது உறைத்தது.

ஏழாவது முறை வந்த அப்பாவிடம், மகளே புகார் கொடுத்திருப்பதால் விசாரணை முடியாமல் எதுவும் செய்ய முடியாது என்று சொன்னார்கள். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார். அவர் மறுபடி பள்ளிக்கு வரவில்லை. அந்த விசாரணையும் கடைசிவரை முடியவில்லை. ஏப்ரலில் தேர்வு எழுதினேன். ஜூனில் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்தேன், அரை மனதோடு.

நடந்தது என்ன என்பது எனக்குத் தெரிய ஏழு வருஷம் ஆயிற்று. கல்லூரி முடித்து வேலைக்கு விண்ணப்பிக்கச் சான்றிதழ்களைப் பரப்பி வைத்திருந்தேன். பக்கத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அம்மா, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். கள்ளக்குறிச்சியில் எனக்காக எந்தப் பள்ளிக்கூடமும் பார்த்திருக்கவில்லை. அத்தை தன் மகனுக்கு என்னைக் கேட்டிருந்தாள். அக்காள் பேச்சை அப்பாவால் தட்ட முடியவில்லை. பள்ளி நோட்டில் என் பெயர் இருந்தால், நான் வராமல் போனதும் ஆசிரியர்கள் வீடு தேடி வந்துவிடுவார்கள். டிசி வாங்கிவிட்டால் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள் என்று யாரும் தேட மாட்டார்கள். அத்தைதான் அந்த யோசனையைச் சொன்னாளாம்.

அப்பா முதல் முறை பள்ளிக்குப் போய் வந்த மறுநாள், வயிற்றுவலிக்கு ஆஸ்பத்திரி போவதாகச் சொல்லிவிட்டு அம்மா முதல் பஸ்ஸில் கீழே இறங்கியிருக்கிறாள். பள்ளியில் யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த முதல் ஆளிடம் சொன்னாள்.

“டிசி குடுத்துராதீங்க சாமி, போலீசுக்கும் சொல்லிராதீங்க, அந்த மனுசன புடிச்சிக்கினு பூடுவாங்கன்னேன். அவரு எழுந்து பெரிய டீச்சராண்ட இட்டுக்கினு போனாரு.”

“எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

“உனக்கு வாய் கம்மியா? நேரா உங்கப்பனாண்ட போய் கேட்ருப்ப.”

கேட்டிருப்பேன். அப்பாவை நான் சந்தேகப்படவே இல்லை. போண்டா வாங்கிக் கொடுத்த கையைத்தான் நான் பார்த்தேன். அந்த ஏழு பயணத்தையும் எனக்காக அவர் பட்ட பாடு என்றுதான் எண்ணியிருந்தேன். ஆபீஸ் சாரைத் தேடிப் போய்ப் பார்க்க நினைத்தேன். அதற்குள் அவர் மாற்றலாகி எங்கோ போயிருந்தார்.

ஆனால் ஒன்பதாம் வகுப்பு முடிந்த அந்த வருஷம் வைகாசியில் அத்தை மகனுக்குக் கல்யாணம் நடந்தபோது எனக்கு இதில் எதுவும் தெரியாது. பெண் மலையின் மேற்குப் பக்கத்து ஊர். நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். அம்மா மட்டும் ஒரு மூலையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அறையில் போய் உட்கார்ந்தேன். என் வயதுதான் இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் பேசிக்கொள்வதுபோல என்ன வகுப்பு என்று கேட்டேன்.

“ஒம்பது. டிசி வாங்கிட்டாங்க,” என்றாள்.

“எத்தினி நாளு அலைஞ்சாங்க?”

“எதுக்கு அலையணும்? எங்கப்பா காலைல போனாரு. சோத்து மணி அடிக்கறதுக்குள்ள குடுத்துட்டாங்க.”

எனக்கு வயிறெரிந்தது. எங்கள் ஆபீஸ் சாரின் கதையை முதலிலிருந்து அவளிடம் சொன்னேன். தேதி, எழுத்து, சர்வர், கைநாட்டு, விசாரணை. கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப நீ இன்னும் அங்கதான் போறியா?” என்றாள்.

“இன்னா பண்றது, வுட மாட்டேங்கிறாங்களே,” என்றேன். “உங்க இஸ்கூலு மாதிரி வராது. ரூல்ஸுன்னா அப்பிடி இருக்கணும்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். பூ வைத்துக்கொண்டிருந்த பெண், ஆடாமல் உட்கார் என்று அவள் தலையைப் பிடித்து நேராகத் திருப்பினாள்.