வாயை மூடிக்கொண்ட வாண்டு

அவள் சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் தைப்பவள். எட்டு மணிக்கு மெஷினில் உட்கார, ஐந்தரைக்கே அடுப்படிக்கு வந்தாக வேண்டும். முதலில் தயாராவது மகளின் சாப்பாடுதான். ஒரு நாள் பூசணி, ஒரு நாள் கேரட்டும் பருப்பும், ஒரு நாள் கீரை. குழைய வேகவைத்து, கரண்டியால் மசித்து, கிண்ணத்தில் மூடி வைப்பாள். வாண்டுக்கு ஒரு வயது நாலு மாதம்.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவள் கணவனின் அக்கா. பக்கத்துத் தெருதான், காலையில் இங்கேயே வந்துவிடுவாள். மாலையில் இவள் வீடு திரும்பும்போது கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருக்கும்.

"வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டுட்டா" என்பாள் நாத்தனார்.

ஆனால் விடுமுறை நாளில் இவள் ஊட்டப்போனால் குழந்தை உதட்டை இறுக்கிக்கொள்ளும். பெற்றவள் கை மட்டும் கசக்கிறதா என்று இவளுக்கு உள்ளுக்குள் புகைந்தது.

ஒரு நாள் கம்பெனியில் கரண்ட் போய், மதியமே அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்தால், நாத்தனார் கால்நீட்டி உட்கார்ந்து, பூசணி மசியலில் மிளகுத்தூள் தூவிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் வாண்டு, பாலில் ஊறிய பிஸ்கட்டை இரண்டு கையாலும் பிசைந்தபடி.

"என்னக்கா இது?"

நாத்தனார் மழுப்பவில்லை. "வீணாப் போகுதேன்னு சாப்பிட்டேன்."

"அப்ப இத்தனை நாளா?"

"மூணு மாசமா இதான் கதை. ஒரு வாய் வாங்க மாட்டேங்குறா. பசியில கத்துற புள்ளைய வேடிக்கை பாக்கச் சொல்றியா? சொன்னா நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லல."

நாக்கு நுனிவரை வந்ததையெல்லாம் அவள் மென்று விழுங்கினாள். நாளைக்கு எட்டு மணிக்குக் குழந்தையை யாரிடம் விடுவது?

அந்த வார விடுமுறையில் தானே ஒரு கை பார்ப்பது என்று உட்கார்ந்தாள். காக்கா காட்டினாள், பாட்டுப் பாடினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. பொறுமை போய், கன்னத்தை அழுத்தி ஒரு கரண்டி திணித்தாள். குழந்தை குமட்டி, காலையில் குடித்த பாலையும் சேர்த்து அவள் மடியிலேயே கக்கியது. அப்புறம் கரண்டியைக் கண்டாலே அலறல்.

"விடேன், நாமெல்லாம் பிஸ்கட் தின்னு வளரலியா?" என்றான் கணவன்.

"அப்ப நீங்க ஊட்டுங்க."

இரண்டே நிமிடம். சட்டையெல்லாம் கேரட்டோடு எழுந்தவன், மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டு கடைப்பக்கம் போய்விட்டான்.

அவளுக்கு அழுகை முட்டியது. குழந்தையைத் துடைத்துவிட்டு, தன் தட்டில் சோறும் வேகவைத்த பீன்ஸும் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை, ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாண்டு தள்ளாடி வந்து, தட்டிலிருந்து ஒரு பீன்ஸை எடுத்துக் கடித்தது. துப்பியது. துப்பியதையே எடுத்து மறுபடி கடித்தது. இரண்டு துண்டு வயிற்றுக்குள் போனது. அவள் மூச்சுகூடப் பெரிதாக விடவில்லை.

மறுநாள் நாத்தனாரிடம் சொன்னாள்: "இன்னிக்கு மசிக்கலக்கா. மெத்துன்னு வேகவெச்சுத் துண்டாவே வெச்சிருக்கேன். நீங்க சாப்பிடும்போது பக்கத்துல உக்கார வெச்சுக்குங்க. அவளா எடுக்கட்டும், ஊட்ட வேணாம்."

"தரையெல்லாம் இறைப்பாளே."

"நான் வந்து துடைச்சுக்கறேன்."

"பிஸ்கட் கேட்டா?"

"சாப்பாட்டுக்கு முன்னாடி மட்டும் குடுக்காதீங்க."

நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனாலும் செய்தாள்.

இரண்டு மாதம் ஓடிவிட்டது. பீன்ஸ் இறங்குகிறது. கேரட், வாண்டு மனது வைத்தால். பூசணியை இன்றுவரை தொடவில்லை. நாத்தனாரின் பையில் பிஸ்கட் பாக்கெட் இருப்பது இவளுக்குத் தெரியும், கேட்பதில்லை. எட்டு மணி நேரம் காலர் தைத்த முதுகோடு வந்து, காய்ந்து ஒட்டிய கேரட்டைத் தரையிலிருந்து நகத்தால் சுரண்டும்போது யார்மேல் என்று தெரியாமல் எரிச்சல் வரும்.

நேற்று வாசலிலேயே நாத்தனார் சொல்லிவிட்டாள். "கீரையைச் செவுத்துல பூசிட்டா. ஒரு வாய் திங்கல. நாளைக்கும் ஊட்டாம, அதேதானா?"

"அதேதான்" என்று சொல்லிவிட்டு, ஈரத்துணியைத் தேடினாள் அவள்.