கோபத்தோடு கேட்டேன், முழங்கால் மடங்கியது

சபையாரே, எனக்கு அழகாகப் பேச வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

ரப்பர் விலை விழுந்து, வேலைக்கு ஆகாதவர்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த வருஷம். எனக்குப் பத்தொன்பது வயது. மலாயாவில் கூலாய்க்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினேன். மழை பெய்த ஒரு காலையில் வாளியோடு கால்வாய்ப் பலகையில் வழுக்கி விழுந்தேன். முழங்கால் சில்லு இரண்டாகப் பிளந்தது. ஆஸ்பத்திரியில் அறுத்துக் கம்பியால் கட்டினார்கள். எலும்பு கூடிவிட்டது. கால் மடங்கவில்லை. தொடை சூம்பிப்போனது.

குந்த முடியாதவன் எப்படிப் பால் வெட்டுவான்? அடுத்த கப்பலில் நீதான் என்றார் கங்காணி. கடலுக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒருவரும் இல்லை.

மடக்கிப் பழகச் சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் யார் கேட்டார்கள்? "அசைக்காதே, கம்பி அறுந்துடும்" என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். துணி சுற்றி, கட்டை மாதிரி கிடத்திவைத்து, சுற்றி உட்கார்ந்து ஜெபித்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஒரு ஞாயிறு ஆராதனையில் எல்லாரும் முழங்காலிட்டார்கள். நான் மட்டும் நின்றேன். கத்திவிட்டேன்: "ஆண்டவரே, எலும்பை ஒட்டவச்சீரே, இதை மடக்க உமக்குக் கை வரலையா?"

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் மனைவி மரியம்மாள் வழிமறித்தார்.

"என்ன கொழுந்தனாரே, ஆண்டவரையே அதட்டுறீங்க? ஒட்டவச்சது அவரு. மடக்குறதுக்கும் அவரே வரணுமா? துணியை அவிழுங்க."

"கம்பி அறுந்தா?"

"அறுந்தா கப்பல். அறுந்துபோகாட்டியும் கப்பல்தானே?"

அதுதான் எனக்கு வந்த பதில். அன்றைக்கு எனக்கு அது பிடிக்கவில்லை.

பெஞ்சில் உட்காரவைத்து, கணுக்காலில் ஒரு தகர டின்னைக் கட்டி, மணல் போட்டுத் தூக்கச் சொன்னார். அப்புறம் காலைப் பிடித்து மடக்கினார். உயிர் போனது. நான் திட்டத் திட்ட மதினி இன்னும் மணலை அள்ளிப் போட்டார். "கர்த்தரே, பெலன் தாரும்" என்று பல்லைக் கடித்துத் தூக்கினேன். வாரத்துக்கு வாரம் கால் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கியது. தொடையில் சதை வைத்தது.

கங்காணி வந்து, வேலைக்கு ஆவேனா என்று பார்க்க என்னை ஒரு ரப்பர் மரத்தடிக்குக் கூட்டிப்போனார். குந்தினேன். பட்டையைச் சீவினேன்.

"குந்திட்டே. எந்திரி பார்ப்போம். மரத்தைப் பிடிக்காதே."

கால் நடுங்கியது. கர்த்தரைக் கூப்பிட்டேன். எழுந்து நின்றேன்.

"சரி, நாளைக்கு வேலைக்கு வா" என்று போய்விட்டார். அங்கேயே அழுதேன்.

இன்றைக்கும் பால் வெட்டுகிறேன். குளிரில் வலிக்கிறது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் வலியோடும் தினம் அவருக்கு நன்றி சொல்கிறேன். முன்பு எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

படுத்துக் கிடப்பவர்களே, அவரிடம் கேளுங்கள். கோபமென்றால் கோபத்தோடே கேளுங்கள், அவர் தாங்குவார். வரும் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். இருந்தாலும் செய்யுங்கள். அவர் கைவிடமாட்டார்.